முதலைத் தாக்குதல் பதிவுகளைத் தொகுத்துப் பயன்படுத்துவது எப்படி? காவிரிக் கரைக்கான முழு வழிகாட்டி

அவிநாசிக் கதையை நம் வீடுகளில் பக்திக் கதையாகத்தான் சொல்வார்கள். ஐந்து வயதுச் சிறுவர்கள் இருவர் குளத்தில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து, பிழைத்தவன் வீட்டில் பூணூல் கல்யாணம். எதிர் வீட்டில் அழுகை. அவ்வழியே வந்த சுந்தரர் பதிகம் பாடிப் பிள்ளையை மீட்டுக் கொடுத்தார்.

முதலைத் தாக்குதல்களைப் பட்டியலிடும் வேலையில் ஆறு ஆண்டுகளாக இருக்கும் எனக்கு இந்தக் கதை வேறு மாதிரி காதில் விழுகிறது. ஊர் தெரிகிறது. எந்த நீர்நிலை என்று தெரிகிறது. வயது, செய்துகொண்டிருந்த வேலை, உடன் இருந்தவர் யார் என்பதெல்லாம் இருக்கிறது. நேரமும் முதலையின் நீளமும்தான் விட்டுப்போயின. இன்றைய நாளிதழில் மூன்று வரியில் முடிந்துபோகும் செய்திகளில் இவ்வளவு விவரம் கிடைத்தால் நான் மகிழ்ந்துபோவேன்.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடுகிற ஐந்து பேர். ஒருவருக்கும் விலங்கியல் பட்டம் கிடையாது. எனக்குக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. பெங்களூருத் தமிழருக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. காவிரி ஒன்று, அதைப் பற்றிய பதிவுகள் இரண்டு மொழிகளில், இரண்டு மாநிலங்களின் அலமாரிகளில் கிடக்கின்றன. மைசூரு பக்கம் ரங்கனதிட்டில் பாறை மேல் வாயைத் திறந்து கிடக்கும் முதலையும், கொள்ளிடக் கரையில் ஆடு மேய்ப்பவர் பயப்படும் முதலையும் ஒரே இனம். கன்னடச் செய்தியையும் தமிழ்ச் செய்தியையும் சேர்த்துப் படிக்கக்கூடியவர்கள் எங்களைப் போல் இரு மொழிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

தாக்குதல் பதிவு முதலையைப் பற்றியது என்றுதான் நானும் தொடக்கத்தில் நினைத்தேன். உண்மையில் அது பெரும்பாலும் மனிதர்களைப் பற்றியது. அந்த மனிதர் அந்த நேரத்தில் ஏன் தண்ணீரில் இருந்தார் என்ற கேள்விக்கு விடை எழுதாத பதிவு, முதலையைப் பிடி என்ற கூச்சலுக்கு மட்டுமே பயன்படும்.

படி 1: எதைத் தாக்குதல் என்று எழுதுவீர்கள்?

இதை முதல் நாளிலேயே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நாங்கள் வைத்திருக்கும் வரையறை: காட்டில் அல்லது ஊர் நீர்நிலையில் சுதந்திரமாக வாழும் முதலை, மனிதர் உடலைப் பல்லால் தொட்டிருக்க வேண்டும். துரத்தியது, பரிசலை மோதியது, வலையைக் கிழித்தது ஆகியவை தனித் தாளில் 'தப்பியவை' என்று போகும். ஆடு, மாடு, நாய் இன்னொரு தாள்.

தப்பியவைத் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். சாவு அரிதாக நடக்கும். நூலிழையில் தப்புவது அடிக்கடி நடக்கும். எந்தப் படித்துறை கெட்டுக்கொண்டு வருகிறது என்பதை அந்தத் தாள்தான் முன்கூட்டிச் சொல்லும்.

முதலையைப் பிடிக்கப் போய்க் கடி வாங்கியவர், செல்ஃபி எடுக்க வாலைத் தொட்டவர் ஆகியோரையும் எழுதுங்கள். ஆனால் 'மனிதர் தூண்டியது' என்று குறித்துவிடுங்கள். இவர்களைக் குளிக்கப் போனவரோடு ஒரே எண்ணிக்கையில் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

படி 2: இனத்தையும் எல்லையையும் குறுக்குங்கள்

இந்தியாவில் மூன்று இனங்கள். கரியால் வட இந்திய ஆறுகளில் மீன் தின்று வாழ்வது. மனிதரை இரையாகப் பார்ப்பதில்லை. உவர்நீர் முதலை ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார் பகுதிகளில் இருக்கிறது. மூன்றில் உடல் பெருத்ததும் ஆபத்து மிகுந்ததும் இதுதான். காவிரியில் இருப்பது சதுப்புநில முதலை. ஆறு, ஏரி, அணை, வாய்க்கால் எதிலும் வாழும். கரையில் வளை தோண்டிப் படுக்கும். மூன்றுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

பிதர்கனிகாவில் பொருந்திய முடிவை ஒகேனக்கல்லுக்கு அப்படியே எடுத்து வராதீர்கள். இனம் வேறு, அலை ஏறி இறங்கும் கழிமுகம் வேறு, பாறை ஆறு வேறு.

படி 3: செய்திகளை இரு மொழியிலும் தேடுங்கள்

தமிழ்ச் செய்தியில் 'முதலை கடித்து', 'முதலை இழுத்துச் சென்றது', 'முதலைக்கு இரையானார்' என்று மூன்று விதமாக வரும். மூன்றையும் தேட வேண்டும். கன்னடத்தில் 'மொசளெ'. அதோடு 'தாளி' என்பதைச் சேர்த்துத் தேடினால் தாக்குதல் செய்திகள் வரும். நேரத்துக்கு அவர்கள் 'முஸ்ஸஞ்ஜெ' என்று எழுதியிருந்தால் அது நம் அந்திப் பொழுது. முதலில் இதை மாலை என்று மொழிபெயர்த்து, நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு வருடப் பதிவைக் கெடுத்தோம். இப்போது மூலச் சொல்லை அப்படியே ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு, எங்கள் கணிப்பைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறோம்.

இணையத்தில் இல்லாத பழைய செய்திகளுக்கு நூலகம்தான் கதி. மாவட்டப் பதிப்பில் மட்டும் வந்த செய்தி பெங்களூருப் பதிப்பில் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டங்களை நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2013இல் ஆஸ்திரேலியாவின் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குரோக்பைட் என்னும் உலகளாவிய தரவுத்தளம், இப்போது குரோக்அட்டாக் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் அமைப்பைப் பார்த்து நாங்கள் எடுத்துக்கொண்டவை: நாள், நேரம், இடம், நீர்நிலையின் வகை, வயது, பால், செய்துகொண்டிருந்த வேலை, தண்ணீரின் ஆழம், உடன் இருந்தவர், காயம், முடிவு, முதலையின் நீளம், தகவல் வந்த வழி. நாங்கள் சேர்த்தது ஒன்று: 'ஏன் அங்கே?'

படி 4: அரசு ஆவணம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட வன அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருளைத்தான், அதுவும் 150 சொல்லுக்குள், கேட்கலாம். எனவே கேள்வியைக் கூர்மையாக்குங்கள்.

எங்கள் முதல் விண்ணப்பத்துக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அழகாகத் தட்டச்சு செய்த பட்டியல் வந்தது. எல்லாமே சாவுகள். காயம்பட்டவர் ஒருவர்கூட இல்லை. அந்த மாவட்டத்தில் முதலை கடித்தால் எல்லோரும் செத்துவிடுகிறார்களா என்று மிரண்டுபோனோம். பிறகுதான் புரிந்தது. நாங்கள் கேட்டது 'கருணைத் தொகை வழங்கப்பட்ட நிகழ்வுகள்'. தொகை வாங்க அலையாதவர் பட்டியலில் இல்லை. கேட்டபடி கொடுத்திருக்கிறார்கள், தவறு எங்களுடையது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வனவிலங்கால் நேரும் மரணத்துக்கான கருணைத் தொகையை மத்திய அரசு 2018இல் 5 லட்சமாகவும் 2023இல் 10 லட்சமாகவும் உயர்த்தியது. தொகை உயர்ந்தால் பதிவாகும் நிகழ்வுகளும் கூடலாம். முதலை அதிகம் கடித்ததாக அதற்குப் பொருள் இல்லை. மனு அதிகம் வந்திருக்கலாம். எனவே ஆண்டு வாரியான வரைபடத்தில் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நேரே கோடு போட்டு வையுங்கள்.

காவல் நிலையத்தில் இயற்கைக்கு மாறான மரணமாகப் பதிவாகியிருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இருக்கும். மூழ்கி இறந்த உடலை முதலை பிறகு கடித்திருக்க வாய்ப்பு உண்டு. உயிரோடு இருந்தபோது ஏற்பட்ட காயமா என்பதை மருத்துவர் எழுதியிருந்தால் அந்த ஒரு வரி உங்கள் பதிவின் தலையெழுத்தையே மாற்றும்.

படி 5: நேரில் போய்க் கேளுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து செய்துவிடலாம்.

ஊர்த் தலைவரையோ பள்ளி ஆசிரியரையோ முன்னிட்டுக்கொண்டு போங்கள். கேமராவைப் பையிலேயே வையுங்கள். துக்கம் நடந்து மூன்று மாதமாவது ஆகட்டும். கோபிநத்தம் போன்ற எல்லையோர ஊர்களில் கர்நாடகத்துக்குள்ளேயே வீட்டுப் பேச்சு தமிழ்தான். இன்னும் மேற்கே போனால் கன்னடம் தெரிந்த ஒருவர் கூட வேண்டும். பெயர், முகவரி எதையும் பொதுத் தாளில் ஏற்றாதீர்கள். எங்களிடம் வயதும் பாலும் ஊரும் மட்டும்தான்.

கேட்கும் முறையிலும் சூட்சுமம் உண்டு. 'முதலை எவ்வளவு நீளம்?' என்று கேட்டால் பதினைந்து அடி என்பார்கள். பயம் எல்லா முதலையையும் நீட்டிவிடும். நான் பரிசலைக் காட்டிக் கேட்பேன். 'இதன் ஒரு விளிம்பில் தலை வைத்தால் வால் எங்கே வரும்?' பரிசலின் குறுக்களவை நாடாவால் அளந்து வைத்துக்கொண்டால் நீளம் ஓரளவு கைக்குள் வரும். இரண்டு மீட்டருக்கும் குறைந்த முதலை கடித்தால் பெரும்பாலும் காயத்தோடு போகும். மூன்று மீட்டரைத் தாண்டிய ஆண் முதலை என்றால் கதை வேறு.

கடித்த விதத்தையும் கேளுங்கள். ஒரே கடி கடித்துவிட்டு விலகியதா, பிடித்துக்கொண்டு ஆழத்துக்கு இழுத்ததா? முன்னது பெரும்பாலும் தற்காப்பு: முட்டையிட்ட தாய், வளை வாசலில் மிதிபட்ட முதலை. பின்னது இரைக்கான பிடி. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. சதுப்புநில முதலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கரை மணலில் குழி தோண்டி முட்டையிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். அந்தக் காலத்து ஒற்றைக் கடிகளைத் தனி நிறத்தில் குறியுங்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு சிற்றூரில் கணவரை இழந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் கேட்டு முடித்து, தயங்கித் தயங்கி, "அன்றைக்கு அவர் ஏன் அம்மா அந்த நேரத்தில் ஆற்றுக்குப் போனார்?" என்றேன். அவர் வீட்டுக்கு எதிரே இருந்த மேல்நிலைத் தொட்டியைக் காட்டினார். "மோட்டார் எரிந்து இருபது நாள் ஆகியிருந்தது தம்பி. குழாயில் தண்ணீர் வந்திருந்தால் இருட்டில் யார் குளிக்க ஆற்றுக்குப் போகப்போகிறார்கள்?" பகலெல்லாம் கூலி வேலை, திரும்பி வந்தால் வீட்டில் தண்ணீர் இல்லை, குளிக்க ஆறு. செய்தித்தாளில் 'ஆற்றில் குளித்தபோது' என்று மட்டும் இருந்தது. அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போதுதான் 'ஏன் அங்கே?' என்ற கட்டத்தைச் சேர்த்தோம். அதன் பிறகு பழைய பதிவுகள் அனைத்துக்கும் திரும்பப் போக வேண்டியிருந்தது.

படி 6: இரட்டைப் பதிவைக் களையுங்கள்

மேகேதாட்டுக்குக் கீழே காவிரியே மாநில எல்லையாக ஓடுகிறது. ஒரு கரையில் கடிபட்டவரை மறுகரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போவார்கள். கன்னடச் செய்தியில் 45 வயது, எருமை குளிப்பாட்டியபோது. தமிழ்ச் செய்தியில் 42 வயது, மீன் பிடித்தபோது. முதல் ஆண்டில் நாங்கள் இவரை இருவராக எண்ணினோம். இப்போது மூன்று நாள் இடைவெளிக்குள், பத்து கிலோமீட்டருக்குள், ஐந்து வயது வேறுபாட்டுக்குள் வரும் ஒரே பாலினத்தவரின் பதிவுகளை எடுத்து வைத்து ஒருவர் கட்டாயம் தொலைபேசியில் விசாரிக்கிறார். முரணான விவரங்களை அழிக்காதீர்கள். இரண்டையும் எழுதி, எதை ஏன் ஏற்றோம் என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உறுதி, வாய்ப்பு, ஐயம் என்று ஒரு தரம் போடுங்கள். கணக்கிடும்போது ஐயப் பதிவுகளை விட்டுவிடுங்கள், ஆனால் தாளிலிருந்து நீக்காதீர்கள்.

படி 7: எண்ணிக்கையை வகுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லிலும் பவானி கூடுதுறையிலும் ஆயிரக்கணக்கானோர் காவிரியில் இறங்குவார்கள். அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தியில் எங்கோ ஒரு மணல்திட்டில் ஒரே ஒருவர் கால் கழுவுவார். இருவருக்கும் உள்ள ஆபத்தை ஒப்பிட வேண்டுமானால், தண்ணீரில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். இந்த வகுக்கும் எண் இல்லாத தாக்குதல் கணக்கு பாதிக் கணக்கு. பட்டியலில் ஆண்கள் அதிகம் என்பதாலேயே முதலைக்கு ஆண்கள்மேல் தனிப் பகை என்று சொல்லிவிட முடியாது. அந்தியில் வலை வீசுவது யார் என்று பார்க்க வேண்டும். சுந்தரவனத்தில் இறால் குஞ்சு பிடிக்க இடுப்பளவு நீரில் வலை இழுப்பவர்களில் பெண்கள் மிகுதி. அங்கே கடிபடுவோரிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

முறை எளிது. படித்துறையில் விடியல், பகல், அந்தி மூன்று வேளையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தலைகளை எண்ணுங்கள். கோடையில் ஒரு வாரம், வெள்ளத்துக்குப் பின் ஒரு வாரம்.

சிறிய எண்களைக் கண்டு துள்ளாதீர்கள். சென்ற ஆண்டு இரண்டு, இந்த ஆண்டு நான்கு என்றால் 'இருமடங்கு' என்று தலைப்பு வைக்கலாம். அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். குறைந்தது பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். குஜராத்தில் சதுப்புநில முதலை மோதல்களை ஆராய்ந்தவர்கள் 1960 முதல் 2013 வரை பின்னோக்கிப் போனார்கள்.

முதலை பெருகினால் சாவும் அதே அளவில் பெருகும் என்பதும் கட்டாயமில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில் 1971இல் பாதுகாப்பு தொடங்கியபோது ஏறக்குறைய 3,000 உவர்நீர் முதலைகள்; இன்று ஒரு லட்சம் அளவுக்கு வந்துவிட்டன. சாவுகள் அந்த விகிதத்தில் ஏறவில்லை. எங்கே இறங்கக் கூடாது என்று மக்களுக்கு ஓயாமல் சொன்னார்கள். டார்வின் துறைமுகம் போன்ற மக்கள் நெருங்கிய இடங்களில் வரும் முதலையைப் பிடித்து அகற்றினார்கள். எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். ஆகவே உங்கள் தாக்குதல் தாளின் பக்கத்தில் முதலைக் கணக்கெடுப்பு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் டார்ச் ஒளியில் கண் மின்னுவதை எண்ணும் கணக்கெடுப்பு வனத்துறையின் வேலை. அனுமதியின்றி நீங்கள் இறங்க வேண்டாம்.

படி 8: பதிவிலிருந்து நடவடிக்கைக்கு

பதிவுகளை வரைபடத்தில் ஏற்றினால் புள்ளிகள் சில இடங்களில் குவியும். குவியலைக் கண்டதும் 'முதலையைப் பிடித்து வேறு இடத்தில் விடுங்கள்' என்ற குரல் முதலில் எழும். கொல்வதற்கோ பிடிப்பதற்கோ தலைமை வனவிலங்குக் காப்பாளரின் உத்தரவு வேண்டும். மனித உயிருக்கு ஆபத்து, அல்லது முதலைக்குத் தேறாத ஊனமோ நோயோ என்றால்தான் அதுவும். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்றால்தான் கொல்லலாம். பிடித்து விடுவதாலும் கதை முடிவதில்லை. ஆஸ்திரேலியாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஓர் உவர்நீர் முதலையை ஹெலிகாப்டரில் தூக்கிக் கேப் யார்க் தீபகற்பத்தின் மறுபக்கக் கடற்கரையில் விட்டார்கள். அது கடலோரமாக 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி இருபது நாளில் வீடு திரும்பியது. அது உவர்நீர் முதலை. நம்முடையது அவ்வளவு தூரம் கடல் நீந்தாது. ஆனாலும் பழைய மடுவை மறந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் பிடிபடுபவற்றை வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள். ஒரு முதலை போன மடுவில் இன்னொன்று வந்து படுக்காது என்பதற்கு என்ன உறுதி? இடம் மாற்றும்போது செதிலில் குறி வெட்டி எண்ணைப் பதிவு செய்தால்தான், அடுத்த முறை பிடிபடுவது பழைய ஆளா புதிய ஆளா என்று தெரியும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. குவியலில் உள்ள பதிவுகளின் 'ஏன் அங்கே?' கட்டத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். குளிக்க, துவைக்க, குடிநீருக்கு என்று வந்தால் குழாயும் குளியலறையும்தான் முதல் தேவை. அது உடனே நடக்காது என்றால் படித்துறைக்கு வேலி. இலங்கையின் நில்வலா ஆற்றில் 'கிம்புல் கொட்டுவ' என்று கழிகளை ஊன்றித் தண்ணீருக்குள் கூண்டு போல் அடைத்துக் குளிப்பார்கள். பிதர்கனிகாவிலும் வனத்துறை படித்துறைகளைத் தடுப்பு வைத்து அடைத்திருக்கிறது. வெள்ளத்தில் கழி சாய்ந்தால் அடைப்பே பொறியாகிவிடும். மாதம் ஒரு முறை பார்க்க ஆள் வேண்டும்.

மீன்பிடி என்று வந்தால் நேரமும் முறையும் பேசுங்கள்: அந்திக்குப் பின் நீரில் நின்று வலை இழுப்பதை விடுத்துப் பரிசலிலிருந்து வீசுவது, காலை விளிம்புக்கு வெளியே தொங்கவிடாதது. கோழிக்கடைக் கழிவும் மீன் குடலும் கொட்டும் இடத்துக்கு அருகே புள்ளிகள் குவிந்தால், கழிவைக் கொட்டுபவரிடம் பேசாமல் முதலையிடம் பேசிப் பயனில்லை. முட்டைக் காலத்து ஒற்றைக் கடிகள் என்றால் அந்த மணல்திட்டை மட்டும் ஜூன் வரை கயிறு கட்டி மறியுங்கள். இவை எதற்கும் அடங்காமல், ஒரே இடத்தில், ஒரே அளவுள்ள முதலை, இரைக்கான பிடியோடு திரும்பத் திரும்ப வந்தால் அப்போது பிடிப்பதைப் பற்றிப் பேசலாம். அந்த வாதத்துக்கும் உங்கள் பதிவேதான் சான்று.

படி 9: ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள்

எக்செல் கோப்பை வனச்சரகரிடம் நீட்டினால் அவர் புன்னகைத்து வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள்: ஒரு வரைபடம், ஐந்து வரி, ஒரு கோரிக்கை. தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. ஊராட்சிக்கும் ஒரு படி. மோட்டார் பழுது பார்ப்பது வனத்துறை வேலை இல்லை. ஊராட்சிக்கும் படி கொடுப்பது அதனால்தான்.

நடவடிக்கை நடந்த நாளைப் பதிவில் ஒரு நிகழ்வாகவே எழுதுங்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அதே மாதங்களில் அந்தப் படித்துறைக்குப் போய்த் தலைகளை எண்ணுங்கள். தாக்குதல் குறைந்திருந்தால், மக்கள் பாதுகாப்பாக இறங்குகிறார்களா அல்லது பயந்து வேறு துறைக்குப் போய்விட்டார்களா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் புள்ளி ஒரு கிலோமீட்டர் தள்ளித் திரும்ப முளைக்கும். எண்ணும்போது படியில் உட்கார்ந்து எண்ணுங்கள். கடைசிப் படி மட்டும் வேண்டாம்.